ஆனி முப்பத்திரண்டு

சென்னையில் வாடகை வீடுகளுக்குப் பதினோரு மாதம்தான் ஞாபகசக்தி. பன்னிரண்டாம் மாதம் பிறந்துவிட்டால் வீடு தன் ஓனரை மறந்துவிட்டு, குடியிருப்பவரோடு பழக ஆரம்பித்துவிடும். அதனால்தான் எல்லா ஒப்பந்தங்களும் பதினோரு மாதத்துக்கு எழுதப்படுகின்றன. கடைசி நாளன்று குடியிருப்பவர்கள் சாமான்களோடு தெருவில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஓனர் காலி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு அறையிலும் நின்று தன் பெயரைச் சொல்வார். குழாய்களைத் திறந்து மூடுவார். சுவர்களைத் தடவிக் கொடுப்பார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். பிறகு அவர் மனம் வைத்தால் அதே ஆட்களை இன்னொரு பதினோரு மாதத்துக்கு உள்ளே விடலாம். மனம் வைக்காவிட்டால் லாரி பிடிக்கச் சொல்லலாம். இதற்கு ஞாபக நாள் என்று பெயர். அலுவலகங்களில் இதற்குத் தனி லீவு உண்டு.

தமயந்தி ஒன்பது ஞாபக நாள்களைத் தெருவில் உட்கார்ந்து கழித்தவள். ஒன்பது முறையும் லாரிதான். ராமாபுரம் ஓனர் தன் மகன் துபாயிலிருந்து வருவதாகச் சொன்னார். மகன் வரவே இல்லை. சாலிகிராமம் ஓனரம்மாவுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் மெஷின் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. போரூரில் காரணமே சொல்லவில்லை, கேட்டதற்கு அதிலெல்லாம் தலையிடாதே என்றார்கள்.

அவள் கணவர் செல்வநாயகத்துக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. தனியார் மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். இருநூறு டாக்டர்களின் எண்களும் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தன. தெருவில் இறங்கினால் கையில் தடி இருக்கும். வீட்டுக்குள் தடியைத் தொடமாட்டார், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார். புது வீடு என்றால் கட்டில் முனையும் வாசற்படியும் அலமாரிக் கதவும் அவர் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். இது ராமாபுரம், இது போரூர் என்று ஒவ்வொரு தழும்புக்கும் தமயந்தி ஊர் சொல்லுவாள். எட்டாம் மாதவாக்கில் நீட்டிய கைகள் கொஞ்சம் கீழே வரும். பத்தாம் மாதம் ஒரு கை இறங்கிவிடும். அடுத்த கை இறங்குவதற்குள் லாரி வந்து நிற்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இரண்டு கையையும் தொங்கவிட்டு நடந்து அவள் பார்த்ததில்லை.

இப்போது இருப்பது பத்தாவது வீடு, வளசரவாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன். கீழே கல்யாண நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கும் குடோன், பக்கவாட்டில் மாடிப்படி. இந்த வீட்டில் ஒன்பதாம் மாதமே அது நடந்துவிட்டது. ஒரு சாயங்காலம் செல்வநாயகம் ஹாலிலிருந்து எழுந்து, கைகளைச் சாதாரணமாக வீசிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அதே மாதிரி திரும்பி வந்தார். ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்த தமயந்தியின் விரலில் ஊசி இறங்கியது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

"என்ன, மெஷின் சத்தத்தைக் காணோம்?" என்றார் செல்வநாயகம்.

"ஒண்ணுமில்லைங்க. ஊசி குத்திடுச்சு."

ஓனர் சிகாமணி கெட்ட மனுஷர் இல்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குத் தானே பிளான் வரைந்து, தானே வெயிலில் நின்று கட்டினார். தினசரிக் காலண்டரைக் கேட்காமல் செருப்புக்கூட வாங்கமாட்டார். ஆடியில் யாரையும் குடிவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தை ஆவணி ஒன்றாம் தேதிக்குத்தான் எழுதினார். அதன்படி ஆனி மாதத்தோடு பதினோரு மாதம் முடிகிறது. வைகாசியில் ஒருநாள் வந்தவர் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஏம்மா, வீடு உங்ககிட்ட ரொம்ப ஒட்டிக்கிச்சு. போன தடவ வந்தப்ப லைட் போடலாம்னு கைய வச்சேன். ஸ்விட்ச் அங்க இல்ல. ஒரு சாண் கீழ எறங்கியிருக்கு."

"இவருக்குக் கைக்கு வாட்டமா இருக்கட்டும்னு எறங்குச்சு சார்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். பதினோரு மாசத்துக்குள்ளயே இப்படின்னா இன்னும் ஒரு ரவுண்டு விட்டா என்னாகும்? ஆனி கடைசில ஞாபக நாளை முடிச்சிட்டு வேற எடம் பாத்துக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து செல்வநாயகம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட எழுந்தபோது அவருடைய வலது கை கொஞ்சமாக முன்னால் நீண்டது. தமயந்திக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாள், தான் ஃபால்ஸ் தைத்துத் தரும் புடவைக் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வாடகை உரிமைகளை விளக்கிச் சொல்லும் அலுவலகத்துக்குப் போனாள். இரண்டாம் மாடியில் நீளமான ஒரு அறை. அவளுக்கு முன்னால் ஒருவர் தன் வீட்டு நிலைக்கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார், அது அவரோடு வர விரும்புவதாக எழுதிக் கொடுக்க. இன்னொரு அம்மாவின் குளியலறை செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறதாம். மேஜைக்குப் பின்னால் இருந்த பிரிசில்லா எல்லோரையும் ஒரே மாதிரி பொறுமையாகக் கேட்டாள்.

"காலி பண்ணச் சொல்றது அவர் உரிமைதான் மேடம்," என்றாள் தமயந்தியிடம். "ஆனா ஞாபக நாளை முடிச்சாத்தான் அந்த உரிமை அவருக்கு வரும். வீட்டுக்கே அவர் யாருன்னு தெரியலைன்னா, காலி பண்ணுன்னு சொல்ல அவர் யாரு?"

"அவர் வராம இருக்க மாட்டாருங்க. காலண்டர் பாக்குற மனுஷன்."

"அப்ப வருவாரு. அன்னிக்கு நீங்க சாமானை எல்லாம் எறக்கிட்டு, வாசலைத் திறந்து வச்சிட்டு, பொழுது சாயற வரைக்கும் கீழ காத்திருக்கணும். தடுக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. பொய் சொன்னா வீடு அவர் பக்கம் போயிடும்."

தமயந்தி கொஞ்சம் யோசித்தாள். "நாள் என்னன்னு நான் அவருக்கு ஞாபகப்படுத்தணுமா?"

பிரிசில்லா மேஜையில் நூலால் கட்டியிருந்த சிறு புத்தகத்தைப் புரட்டினாள். அலுவலகத்தில் அந்த ஒரு பிரதிதான் இருந்தது. "அப்படி எங்கயும் எழுதலை மேடம். சும்மா இருக்கிற உரிமை பதினாலாம் பக்கத்துல இருக்கு. படிச்சிட்டு இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

தமயந்தி நின்றபடியே பதினாலாம் பக்கத்தைத் திறந்தாள். அதில் ஒன்றும் அச்சாகவில்லை. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். போன வருஷம் ஆனி மாதத்துக்கு முப்பத்திரண்டு நாள். இந்த வருஷம் முப்பத்தொன்றுதான், அடுத்த தாளில் ஆடி ஒன்று. இதில் அவளுக்கு என்ன லாபம் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆனி முப்பத்தொன்று அன்று விடிந்ததும் சாமான்களை இறக்கினார்கள். பீரோவை இறக்கப் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஆட்கள் கை கொடுத்தார்கள். கட்டில், தையல் மெஷின், காஸ் அடுப்பு, தண்ணீர்க் குடம் எல்லாம் குடோன் ஷட்டருக்கு முன்னால் வரிசையாக நின்றன. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தமயந்தி கட்டிலில் உட்கார்ந்தாள். செல்வநாயகம் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள், "ஞாபக நாளா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மாடியில் வாசல் திறந்தே கிடந்தது. பத்து மணிக்குப் போன் வந்தது.

"நான் சிகாமணி பேசறேம்மா. இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமமாம். காலையில தாளைக் கிழிச்சப்பதான் பாத்தேன்."

"அப்படியா சார்."

"இன்னிக்கு வாயைத் தொறந்தாலே வம்பு. போய்ப் பேரைச் சொன்னா வீடு என்னைத் தப்பா ஞாபகம் வச்சுக்கும். எதுக்கு வீணா? நாளைக்குத்தான் முப்பத்திரண்டு இருக்கே. நாளைக்குக் காலையில குளிச்ச உடனே வந்துடறேன்."

நாளைய தாளை இன்றைக்குத் தூக்கிப் பார்ப்பது சிகாமணிக்குப் பிடிக்காது. வருகிற நாளை முன்கூட்டியே சீண்டக் கூடாது என்பது அவர் கொள்கை. தமயந்தி தன் மடியிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். ஒரு தாளுக்கு அடியில் ஆடி ஒன்று அமைதியாக இருந்தது.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார்."

"சாமானை எல்லாம் எறக்கி வச்சிருப்பீங்களே. நாளைக்கு ஒருக்கா எறக்கறது உங்களுக்குச் சிரமமில்லையே?"

அவர் இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தமயந்திக்குத் தோன்றியது. நாளைக்கு எதையும் இறக்கப்போவதில்லை, ஆகவே சிரமம் ஒன்றுமில்லை.

"சிரமமில்லை சார்," என்றாள். அதில் பொய் இல்லை.

செல்வநாயகம் நாளெல்லாம் அடுத்தவர் குரலைக் கேட்டே சம்பாதிக்கிறவர். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. வெகு நேரம் கழித்து, "சொல்லியிருக்கலாமோ?" என்று தமயந்திதான் கேட்டாள்.

"அந்தப் பதினாலாம் பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணும் எழுதலைங்க."

"அப்புறம் என்ன?"

இருந்தாலும் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டேயிருந்தது. வெயிலில் நின்று கட்டிய வீடு என்று சிகாமணி சொன்னதெல்லாம் காதில் வந்து போனது. மூன்று மணிக்கு, சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேவிட்டாள். அப்போது செல்வநாயகம் தாகத்துக்கு எழுந்தார். கட்டிலிலிருந்து குடத்துக்கு நாலு அடி இருக்கும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தெருவையே துழாவிக்கொண்டு போனார். பீரோ முனையில் முழங்கால் இடித்தது. அவர் சத்தம் போடவில்லை. தமயந்தி போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

பொழுது சாய்ந்ததும் சாமான்களை மேலே ஏற்றினார்கள். மறுநாள் காலை சிகாமணி தாளைக் கிழித்தார். ஈரத் தலையோடு ஓட்டமும் நடையுமாக வந்தவர், மாடிப்படிக்குக் கீழே சட்டென்று நின்றுவிட்டார். ஆடியில் ஒரு வீட்டுக்குள் இப்படி ஒரு காரியமாகக் காலெடுத்து வைக்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

"ஆடி பொறந்துடுச்சேம்மா," என்றார் நிமிர்ந்து பார்த்து.

"ஆமா சார்."

"முப்பத்திரண்டு?"

"இந்த வருஷம் இல்லை சார்."

அவர் சத்தம் போடவில்லை. பிறகு எதிர்ச் சாரிக்குப் போய், வேப்பமர நிழலில் நின்றுகொண்டு, "நான் சிகாமணி," என்று வீட்டைப் பார்த்துச் சொன்னார். ஆடி மாதம் முழுக்க அவர் தினமும் காலையில் வந்து அதைச் சொன்னார். ஆடிக் காற்று அதை வாங்கி வடபழனிப் பக்கமாகக் கொண்டுபோனது. அங்கே சில வீடுகள் அவரை ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டார்கள், ஆனால் அவை அவருக்குச் சொந்தமில்லாத வீடுகள்.

இந்த வீடு தன் போக்கில் மறந்தது. முதல் வாரம் வாசலில் பதித்திருந்த சிகாமணி இல்லம் என்ற கல் வழுவழுப்பானது. இரண்டாம் வாரம் அவர் வீட்டு பீரோவில் இருந்த பிளான் வெறும் நீலத் தாளானது. இங்கே கதவுத் தாழ்ப்பாள் செல்வநாயகத்தின் தோள் உயரத்துக்கு வந்து காத்திருந்தது. கட்டில் முனைகள் மழுங்கின. அவர் குளிக்கப் போனால் துண்டு மாட்டும் கொடி எதிரே வந்தது. அவர் முழங்காலில் போரூர் மங்கி, ராமாபுரம் மறைந்தது. தமயந்திக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. ஜன்னல் வழியே எதிர்ச் சாரியைப் பார்த்தால் அந்த நிறைவிலேயே ஒரு குத்தல். கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கு நிறைய வாங்கிவந்து சிகாமணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மேல வந்து உக்காந்து குடிங்க சார்."

"ஆடில வரக்கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு அவர் நின்றபடியே குடித்தார். "உப்பு சரியா இருக்கு," என்றார்.

ஆவணி ஒன்றாம் தேதி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு சிகாமணி படியேறி வந்தார். முதல் படியே அவர் காலுக்குக் கிடைக்கவில்லை. வாசற்படி தடுக்கியது. நிலை நெற்றியில் இடித்தது. பட்டப்பகலில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அந்தக் கைகளைப் பார்த்ததும் தமயந்தி ஊசியைக் கீழே வைத்தாள். அவள் எழுவதற்குள் செல்வநாயகம் எழுந்து போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா வாங்க சார். இங்க ஒரு மேடு இருக்கு. ரெண்டு அடி வச்சா எடது பக்கம் சுவரு."

"எனக்குத் தெரியாதாப்பா? நான் வரைஞ்ச சுவரு."

அவர் தோள் எதிலோ மோதியது.

"அது போன மாசமே நகந்துடுச்சு சார். என் கையைப் பிடிச்சுக்குங்க."

சிகாமணி பிடித்துக்கொண்டார். செல்வநாயகம் அவரை ஹாலுக்கும் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் அழைத்துப்போய் ஒவ்வொன்றாகத் தொட வைத்தார். அவசரப்படவில்லை. புதிதாக வீடு பழகுகிறவர்களுக்கு எங்கெங்கே இடிக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தப் பேட்டையில் கிடையாது. தமயந்தி பின்னாலேயே நடந்தாள்.

"சமையலறை ஜன்னல் கிழக்குப் பாத்துதானே இருக்கு?" என்றார் சிகாமணி.

"தெக்குப் பாத்து சார். அவ தைக்க வெளிச்சம் வேணும்னு திரும்பிக்கிச்சு."

சிகாமணி அந்த ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தார். "தெக்கும் நல்லதுதான். அப்பவே தெக்காலதான் போட்டிருக்கணும், எனக்குத்தான் மனசு வரலை," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. காப்பி வந்தது. டம்ளரைத் தேடியவருக்கு, செல்வநாயகம் அதைக் கையில் வைத்துக் கொடுத்தார்.

"இனிமே உங்களைக் காலி பண்ணுன்னு நான் சொல்ல முடியாது, இல்லம்மா?"

"முடியாது சார்."

"எப்பவாவது வந்து பாத்துட்டுப் போகலாமா?"

"ஒருநாள் முன்னாடி எழுத்துல சொல்லிட்டு வரணும் சார்," என்றாள் தமயந்தி. அதுவும் அந்தப் புத்தகத்தில் இருந்ததுதான். சொன்ன பிறகு அவளுக்கே என்னமோ போலிருந்தது. "சொல்லாமலும் வாங்க சார். நாங்க இங்கதான் இருப்போம்."

மறுநாள் காலை செல்வநாயகம் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினார். தமயந்தி குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் தடி கதவுக்குப் பின்னால் மாட்டியபடியே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று நிமிர்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒர்க்‌ஷாப் மெதுவாகப் பின்னால் போனது. அதற்குப் பின் மருந்துக் கடை போனது. முச்சந்திப் பிள்ளையார் கோயில் வந்தது. தெருவில் பத்தடி முன்னால் செல்வநாயகம் நடந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளும் பக்கத்தில் தாராளமாக ஆடின. ஒரு பள்ளம் வந்தால் வீடு லேசாகக் கனைத்தது, அவர் சுற்றிக்கொண்டு போனார். தமயந்தி துருவலை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆற்காடு சாலை பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பஸ் வந்தது. செல்வநாயகம் முன்வாசலில் ஏறினார், வீடு பின்வாசலில் ஏறியது. கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி வந்த கண்டக்டர் சமையலறை ஜன்னலைத் தட்டினார்.

"வீடு எது வரைக்கும்மா?"

"முன்னாடி ஏறினாரே, அவர் எங்கேயோ அங்க வரைக்கும்."

கண்டக்டர் ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து ஜன்னல் கட்டையில் வைத்தார். பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "மாடிப்படி வெளிய நீட்டிக்கிட்டு வருது, உள்ள இழுத்துக்கச் சொல்லுங்க," என்றார். வீடு இழுத்துக்கொண்டது. அவர் விசில் கொடுத்தார்.